வெளித்திரையும் தமிழ் வாக்கியமும்: மடிப்புத் தொலைபேசியின் 'தனதாக்கல்' பற்றிச் சில குறிப்புகள்

ஒரு பொருளின் பயன்பெறுமதி அதனுள்ளே உறைந்து கிடப்பதன்று. பயன்படுத்தப்படும் வேளையிலேயே அது மெய்ப்படுகின்றது. அரசியற் பொருளாதாரத்தின் இந்த ஆரம்பப் பாடத்தைக் கணினித்துறை சார்ந்தோர் வேறொரு வழியாக வந்தடைந்தனர். பயன்படுதகைமை ஆய்வு என இன்று வழங்கும் துறை அவ்வழியில் அமைந்ததாகும். ஜேக்கப் நீல்சன் 1993இல் வெளியிட்ட நூலில் ஒரு கருவியின் பயன்படுதகைமையை ஐந்து கூறுகளாகப் பிரித்தார்: கற்றுக்கொள்ளும் எளிமை, வேலையை விரைந்து முடிக்கும் திறன், இடைவெளிக்குப் பின்னரும் நினைவில் நிற்றல், பிழைகள் குறைந்திருத்தல், மனநிறைவு. 1998இல் வெளிவந்து 2018இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 9241-11 என்னும் சர்வதேச நியமம் இன்னும் ஒரு படி செல்கின்றது. குறித்த பயனர், குறித்த நோக்கம், குறித்த பயன்பாட்டுச் சூழல் ஆகியவற்றைச் சொல்லாமல் எந்தக் கருவியையும் பயன்படத்தக்கது என்று கூறவியலாது என்பது அதன் சாரமாகும். 'குறித்த' என்னும் இச்சிறு அடைமொழியே நமக்கு முக்கியமானது. மடிப்புத் தொலைபேசியின் வெளித்திரையை ஒருவர் தமக்கேற்ப அமைத்துக்கொள்ளும் விடயத்தை எடுத்துக்கொள்வோம். அக்குறித்த பயனர் உடுவிலில் வாழ்பவராகவும், அவர் வாசிக்கும் மொழி தமிழாகவும் இருப்பின் ஆய்வின் கேள்விகள் எவ்வாறு மாறுகின்றன என்பதே இங்கு நாம் நோக்க விழைவது.

மடித்து மூடும் தொலைபேசியின் புறத்தே ஒரு சிறு திரை இருப்பது முற்றிலும் புதியதன்று. 2004இல் வெளிவந்த மோட்டொரோலா ரேசர் வி3இலும் அத்தகைய திரை இருந்தது. அழைப்பவர் யார், நேரம் என்ன என்பவற்றை அது காட்டிற்று. திரையே மடியும் தொலைபேசிகள் வந்தபோது இவ்வடிவம் மீண்டது. 2020இல் சம்சுங் வெளியிட்ட கலக்சி இசட் ஃபிளிப்பின் வெளித்திரை 1.1 அங்குலமே. 2021இல் அது 1.9 அங்குலமாயிற்று, 2023இல் 3.4 அங்குலமாயிற்று, 2025இல் 4.1 அங்குலமாயிற்று. ஐந்தாண்டில் ஏறத்தாழ நான்கு மடங்காக விரிந்த இத்திரை, நேரங்காட்டும் துவாரம் என்ற நிலையிலிருந்து வாசிக்கும் பரப்பு என்ற நிலைக்கு வந்துவிட்டது. அதனை என்ன செய்வது என்பதில் உற்பத்தியாளரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. 2023இன் மோட்டொரோலா ரேசர், பெரும்பாலான செயலிகளை வெளித்திரையிலேயே இயங்க விட்டது. சம்சுங்கோ தெரிந்தெடுத்த சிலவற்றை மட்டும் அனுமதித்து, ஏனையவற்றை விரும்புவோர் 'குட் லொக்' என்னும் தனிச் செயலியை நிறுவித் தாமே வழி திறந்துகொள்ளுமாறு விட்டது.

இவ்விடத்திலேதான் 'தனதாக்கல்' என்ற சொல் வருகின்றது. கடிகாரத்தின் உருவம், பின்னணிப் படம், காலநிலை, நாட்காட்டி, இசை ஆகியவற்றுக்கான சிறு பலகைகளின் வரிசை — இவற்றைப் பயனர் தமக்கேற்பத் தெரிந்து அடுக்கலாம். விளம்பரங்கள் இதனைச் சுயவெளிப்பாடு என்கின்றன. ஆனால் நடைபெறுவது என்ன? ஏற்கெனவே ஆக்கி அடுக்கிவைத்த இருப்பிலிருந்து ஒன்றை எடுத்தல். 2024இன் மாதிரியில் வந்த செய்திக்கு அனுப்பத்தக்க பதில்களையும் இயந்திரமே எழுதி நீட்டுகின்றது; அதாவது பதிலும் இருப்பிலிருந்து எடுக்கப்படுவதாகிவிட்டது. இருப்பின் எல்லை எங்கே வரையப்பட்டது, எதனை மாற்றலாம், எதனை மாற்றவியலாது என்பவை பயனரின் கைக்கு வருமுன்னரே தீர்மானிக்கப்பட்டவை. ஆடைக்கடையில் நிறத்தைத் தெரிகின்றோம். அளவைத் தெரிய முடியாவிடின் அவ்வாடை எமதாகுமா?

விலை பற்றி ஒரு சொல். 2023இன் ஃபிளிப் 5 ஐக்கிய அமெரிக்காவில் 999 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. ஒரு டொலருக்கு 300 ரூபா என்று கொள்ளின் அது ஏறத்தாழ மூன்று இலட்சம் ரூபா. 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்ட தேசிய குறைந்தபட்சச் சம்பளத்தின் பதினொரு மாதத் தொகை. எனவே இது உடுவிலுக்குச் சம்பந்தமில்லாத பொருள் என்று வாசகர் நினைக்கலாம். அவ்வாறன்று. புலம்பெயர்ந்தோர் கொண்டுவரும் அன்பளிப்பாகவும், ஒருவர் பாவித்துவிட்ட பழம்பொருளாகவும் இத்தகைய கருவிகள் ஊர் சேர்வதுண்டு. அதனினும் முக்கியமாக, வெளித்திரையில் எழும் பிரச்சினை சாதாரணத் தொலைபேசியின் பூட்டுத்திரையிலும், கையிற் கட்டும் கடிகாரத் திரையிலும் அப்படியே உள்ளது. சிறு பரப்பில், திறவாமலே, ஒரு பார்வையில் வாசிக்கச் செய்வது என்ற கொள்கை எல்லாவற்றுக்கும் பொதுவானது. வெளித்திரை அதனைக் கூர்மையாக்கிக் காட்டுகின்றது என்பதே வேறுபாடு.

தனதாக்கலைப் பற்றிய ஆய்வுகளுள் இன்றும் படிக்கத்தக்கவை வெண்டி மக்காய் 1990, 1991ஆம் ஆண்டுகளில் வெளியிட்டவை. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஒரே மென்பொருட் சூழலைப் பாவித்த 51 பேரை நான்கு மாதங்கள் அவர் அவதானித்தார். மனிதர் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதிகளைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. அது வேலையிலிருந்து நேரத்தைப் பறிப்பதாகவே அவர்களுக்குத் தோன்றுகின்றது. மாற்றுவோரும் புதுமைக்காக மாற்றுவதிலும் பார்க்க, மென்பொருள் மாறியபோது தம் பழைய வழக்கத்தைக் காத்துக்கொள்ளவே பெரிதும் மாற்றினர். மற்றொன்று இன்னும் கவனத்துக்குரியது: ஒருவர் செய்த மாற்றம் அயலவரிடம் பரவுகின்றது, விடயமறிந்த ஒருவர் ஏனையோருக்காக அதனைச் செய்துகொடுக்கின்றார். தனிமனிதச் செயல் என்று பெயர் சூட்டப்பட்டது நடைமுறையிற் கூட்டுச் செயலாயிருந்தது. நம் ஊர்களில் இதற்கு ஆய்வுச் சான்று வேண்டியதில்லை. பேரனோ பெறாமகளோ தொலைபேசியை வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, தேவையற்ற ஒலிகளை நிறுத்தி, திரும்பக் கையிற் கொடுப்பது அன்றாடக் காட்சி. ஆயினும் உற்பத்தியாளரின் சொல்லகராதியில் 'பயனர்' எப்போதும் ஒருமை.

இனி மொழிக்கு வருவோம். வெளித்திரையிற் பெரிதும் வாசிக்கப்படுவது அறிவித்தல்: வந்த செய்தியின் முதற்பகுதி. இடம் போதாவிடின் மிகுதியை வெட்டிவிட்டு மூன்று புள்ளிகளை இடுவது வழக்கம். இவ்வழக்கத்தின் அடியில் மொழி பற்றிய ஒரு கருதுகோள் உறைந்துள்ளது. வாக்கியத்தின் முதன்மையான பொருள் அதன் தொடக்கத்தில் வந்துவிடும் என்பதே அது. ஆங்கிலத்துக்கு இது ஓரளவு பொருந்தும். எழுவாயை அடுத்து வினை. எதிர்மறை இருப்பின் அதுவும் அங்கேயே. தமிழிலோ வினைமுற்று இறுதியில் நிற்கின்றது. காலம், திணை, பால், எண், இடம், உடன்பாடு, எதிர்மறை அனைத்தையும் அவ்விறுதிச் சொல்லே தாங்குகின்றது. வாலை வெட்டினால் ஆங்கில வாக்கியம் விவரத்தை இழக்கும். தமிழ் வாக்கியம் தீர்ப்பையே இழக்கும்.

எடுத்துக்காட்டாக, கனடாவிலுள்ள மகன் உடுவிலிலுள்ள தாய்க்கு இவ்வாறு எழுதுகிறான் எனக் கொள்வோம்: 'அம்மா நீங்கள் கேட்ட காசை இந்தக் கிழமை அனுப்ப ஏலாது.' திரை 'அனுப்ப' என்னும் இடத்தில் வெட்டுகின்றது. அச்சொல்லின் பின் 'ஏலாது' வரலாம், 'போறன்' வரலாம். இரண்டிலும் வெட்டுமுன் நிற்பது ஒன்றே. யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் எதிர்மறை இன்னும் சுருங்கி வினையோடு ஒட்டிவிடுவதால் சிக்கல் மேலும் கூடுகின்றது. 'அனுப்பினனான்', 'அனுப்பேல்லை' என்பவற்றை வேறுபடுத்துவன கடைசி மூன்று நான்கு எழுத்துகளே. 'அப்பாவை ராத்திரியே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டி வருமெண்டு நினைச்சம், வரேல்லை' என்று ஊரிலிருந்து கனடாவுக்குச் செல்லும் செய்தி 'கொண்டுபோகவேண்டி' என்பதுடன் நின்றால் வாசிப்பவர் அடையும் கலக்கத்தை விரித்துரைக்க வேண்டுமா? நீல்சன் கூறிய 'பிழை' என்னும் கூறு இங்கே விரல் தவறித் தொட்ட பிழையன்று. பொருள் தலைகீழாகும் பிழை.

சொல்லின் நீளமும் உண்டு. 'தவறவிட்ட அழைப்பு' என்னும் தொடரில் பத்தே எழுத்துகள். ஆங்கிலத் தொடரிலும் அவ்வளவே. ஆனால் றகரமும் ழகரமும் ணகரமும், மேலேறும் விசிறியும் கீழிறங்கும் சுழியும் கொள்ளும் இடம் உரோம எழுத்துக் கொள்ளும் இடத்திலும் அதிகம். முதியோர் எழுத்தைப் பெரிதாக்கியதும் ஒரு வரியிற் கொள்ளும் சொற்கள் மேலும் குறைந்து வெட்டு முன்னதாகவே விழும். கண் மங்கியவருக்குச் செய்யும் வசதி அவருக்கே பொருளைக் குறைக்கின்றது! வாசிக்கத் தயங்குவோர் குரற்செய்தியை நாடுகின்றனர். அதுவோ வெளித்திரையில் ஒலிவாங்கிக் குறியும் சில விநாடிக் கணக்குமாக மட்டுமே தோன்றும்.

சிறு பரப்பிலே தமிழை அடக்குதல் இன்று எழுந்த பிரச்சினையன்று. உடுவிலுக்கும் அதற்கும் பழைய தொடர்புண்டு. 1820 முதல் உடுவிலில் அமெரிக்க மிஷன் பணியாற்றிய மைரன் வின்சுலோ பின்னர் சென்னை சென்று, 1862இல் வெளியிட்ட பேரகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அதனை அச்சிட்டது பி. ஆர். ஹண்டின் பொறுப்பிலிருந்த அமெரிக்க மிஷன் அச்சகம். சிறிய அளவான தமிழ் அச்செழுத்துகளை ஆக்குவித்தமையாற் பெயர்பெற்ற அச்சகம் அது. அத்தகைய எழுத்தின்றி அவ்வளவு சொற்களும் ஒரே தொகுதியுள் அடங்கியிரா. இருபதாம் நூற்றாண்டில் வேறொரு எல்லை குறுக்கிட்டது. தட்டச்சுப்பொறியின் விசைகள் சிலவே, தமிழெழுத்துகளோ 247. சுண்டுக்குளியில் 1886இல் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா இதற்கு விடை கண்டவர். புள்ளியும் விசிறியும் போன்ற குறிகளை அடிக்கும்போது உருளை நகராதபடி செய்யும் நகரா விசையினால், குறியும் மெய்யும் ஓரிடத்தில் இணைந்து ஓரெழுத்தாயின. இங்கு கவனிக்க வேண்டியது, எழுத்தின் தருக்கத்தை உணர்ந்த ஒருவர் பொறியின் இயக்கத்தையே மாற்றியமையாகும், பொறியின் நிறத்தையன்று. 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகை, 2005இல் சிங்கப்பூரில் வெளிவந்த செல்லினம், 2008இன் இலங்கை நியமமான எஸ்.எல்.எஸ். 1326 ஆகிய யாவும் இதே மரபின. ஆனால் இவையெல்லாம் தமிழை உள்ளிடுவது பற்றியவை. உள்ளிட்ட தமிழ் குறுகிய பரப்பில் எவ்வாறு வெளிப்பட வேண்டும் என்ற வினா இவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கின்றது.

பத்திரிகைத் துறை இவ்வினாவுக்குத் தன்னளவில் ஒரு விடை கண்டது. நாளிதழ்த் தலைப்புகளை நோக்குக: 'மழையால் நெற்பயிர் அழிவு', 'இருவர் கைது', 'பேச்சுவார்த்தை முறிவு'. வினைமுற்றை நீக்கித் தொழிற்பெயரை ஈற்றில் நிறுத்தும் இவ்விலக்கணம் பத்தியின் அகலத்துக்குள் செய்தியை முழுமையாக அடக்கும் தேவையாற் பிறந்தது. உருவம் உள்ளடக்கத்தைப் பாதிக்கும் முறைக்கு இது நல்ல உதாரணம். ஆயின் தாயும் மகனும் தலைப்பு மொழியிற் பேசிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கண்ணாடிச் சதுரம் நிர்ப்பந்திப்பதை நாம் முன்னேற்றம் என்று கொள்ளவியலாது.

இரண்டாவது பிரச்சினை, யார் வாசிக்கின்றார் என்பது. 'ஒரு பார்வையில் அறிதல்' என்பது வெளித்திரையின் பிரதான வாக்குறுதி. யாருடைய பார்வை? விறாந்தையில் மேசைமேற் கிடக்கும் தொலைபேசியை வீட்டார் அனைவரும் பார்ப்பர். வந்து குந்திய அயலவரும் பார்ப்பார். மடித்து மூடுதல் என்னும் செயலுக்கு ஒரு பொருளுண்டு: உள்ளிருப்பது மறைந்தது என்பது. வெளித்திரை அப்பொருளை நீக்கிவிடுகின்றது. வங்கியிலிருந்து வரும் செய்தி தொகையோடு வெளியே ஒளிரும். நுண்நிதிக் கடனின் தவணை நினைவூட்டலும் அவ்வாறே. வடபுலத்துப் பெண்கள் பலர் அக்கடன்களில் அகப்பட்டு அனுபவித்த அவமானத்தை அறிந்தோர் இதனைச் சிறு விடயமென ஒதுக்கார்.

உடுவிலில் 1824இல் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கியது. பெண் எழுதவும் வாசிக்கவும் கூடியவளாதல் என்பது அவ்வூரின் இரு நூற்றாண்டு வரலாற்றோடு பிணைந்தது. ஆனால் அவளுக்கு வருவதை அவளே முதலில் வாசித்தல் என்பது வேறு. அது இன்னும் நிலைநாட்டப்படாத உரிமை. நித்யா சம்பசிவனும் பிறரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 199 பேரிடம் விசாரித்தது. தொலைபேசியை வீட்டாருடன் பகிர வேண்டியிருக்கும் பெண்கள், பகிர மறுப்பதினும், செயலிகளைப் பூட்டியும் குறித்த செய்திகளை மட்டும் அழித்தும் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொண்டமையை அது காட்டிற்று. இலங்கை அவ்வாய்வில் இடம்பெறவில்லை. எனினும் அங்கு விவரிக்கப்பட்ட வீடுகள் நமக்கு அந்நியமானவையல்ல. இத்தகைய தந்திரோபாயங்கள் செய்தி வந்த பின்னர் செயற்படுபவை. வெளித்திரையோ செய்தி வரும் கணத்திலேயே காட்டிவிடுகின்றது. உள்ளடக்கத்தை மறைக்கும் தெரிவு தொலைபேசிகளில் உண்டுதான். ஆனால் கடிகாரத்தின் உருவங்களைப் போல அது அழகுறக் காட்சிப்படுத்தப்படுவதில்லை. அமைப்புகளின் உட்பிரிவொன்றிற் கிடக்கின்றது. இரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சி பற்றி எழுதியபோது, நடமாட்டமும் தனிவீட்டுள் ஒடுங்குதலும் ஒருங்கே நிகழும் வாழ்முறையைச் சுட்டினார். அவர் முன்னிறுத்திய கைத்தொழிற் சமுதாயத்தில் தனித்தன்மை சந்தையாற் பெருமளவு வழங்கப்பட்டுவிட்டது. யாழ்ப்பாணத்துக் குடும்ப அமைப்பில் அது வழங்கப்படாத நிலையில், அதனை முன்தீர்மானமாகக் கொண்ட கருவி மட்டும் வந்துசேர்கின்றது.

பௌதிகச் சூழலையும் மறத்தலாகாது. வலிகாமத்தின் செம்மண் தோட்டத்தில் வெங்காயத்துக்கு இறைப்பவரின் கை ஈரமானது. ஈர விரலைத் தொடுதிரை சரிவர உணர்வதில்லை. 2021 முதல் 2023 வரையான ஃபிளிப் வகைகளின் ஐபிஎக்ஸ்8 தரம் நீரைப் பற்றியே பேசியது. தூசி பற்றி எதுவும் உறுதியளிக்கவில்லை. 2024இல் வந்த ஐபி48 தரத்தில் தூசிக்கான எண் 4. ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட திண்மங்களையே அது தடுக்கும். செம்மண் துகள் அதனினும் எத்தனையோ மடங்கு நுண்ணியது.

இவ்வாறாயின் செய்யத்தக்க ஆய்வு எது? 1981 முதல் 1985 வரை ஸ்கந்திநேவிய நாடுகளில் நடந்த 'யுத்தோப்பியா' திட்டம் நமக்கு வழிகாட்டக்கூடியது. பத்திரிகைப் பக்கமமைப்புக் கணினிமயமாகும் வேளையில், அச்சுத் தொழிலாளரின் தொழிற்சங்கமும் ஆய்வாளரும் கூடி, தொழிலாளரின் திறனைப் பேணும் கருவிகளைத் தாமே வரைய முற்பட்டனர். பெலெ ஏன் போன்றோர் கையாண்ட முறை எளிமையானது. இல்லாத இயந்திரங்களுக்குப் பதிலாக அட்டைப்பெட்டிகளையும் தாள்களையும் வைத்து வேலையை நடித்துப் பார்த்தனர். பொருந்தாத இடத்தைத் தொழிலாளர் அங்கேயே திருத்தினர். பயனரை அளக்கப்படும் பொருளாகவன்றி ஆக்குவோராகக் கொண்டமையே அதன் சிறப்பு.

உடுவிலில் இதனைச் செய்வதற்கு மூன்று இலட்சம் ரூபாத் தொலைபேசி தேவையில்லை. 3.4 அங்குல மூலைவிட்டத்தையுடைய அட்டைச் சதுரங்கள் போதும். மாணவி, தோட்டஞ்செய்யும் குடும்பத்தவர், வெளிநாட்டில் பிள்ளைகளையுடைய முதியோர், சங்கக்கடைப் பணியாளர் ஆகியோர் தனித்தனியாகவும் குடும்பமாகவும் அமரட்டும். அவர்களே சொல்லும் சொற்களில் அமைந்த செய்திகளை மூன்று எழுத்தளவுகளில் எழுதி, வெட்டு விழும் இடத்தை மாற்றி மாற்றிக் காட்டலாம். கேட்க வேண்டியது 'அழகாயிருக்கிறதா' என்பதன்று. 'வருகிறாரா, வரவில்லையா' என்பது. பின்னர் அதே சதுரத்தை மேசைமேல் வைத்து, இதனை யார் பார்க்கலாம், யார் பார்க்கலாகாது, யார் பார்த்தால் என்ன நேரும் என்று பெண்களிடம் பெண்களே தனியே கேட்க வேண்டும். குடும்பத்தோடு இருக்கும்போது பெறும் விடையும் தனியே பெறும் விடையும் வேறுபடுமாயின், அவ்வேறுபாடே ஆய்வின் பிரதான தரவாகும்.

மொழிசார்ந்த பகுதிக்கு ஒரு பரிகாரம் ஏற்கெனவே கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. அன்ட்ரொயிட், ஐபோன் ஆகிய இரு முறைமைகளிலும் நீண்ட வரியை இறுதியில் மட்டுமன்றித் தொடக்கத்திலோ நடுவிலோ வெட்டும் வசதி நிரலாளர்க்குண்டு. கோப்பின் பெயரை நடுவில் வெட்டி, ஈற்றிலுள்ள வகைக்குறியைக் காப்பதற்கு அது பயன்படுகின்றது. 'அம்மா நீங்கள் கேட்ட… அனுப்ப ஏலாது' என்று நடுவில் வெட்டின் விளித்தலும் வினையும் பிழைக்கும். இடையிலுள்ளதைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். அன்ட்ரொயிட்டில் இவ்வசதி பெரிதும் ஒற்றை வரிக்கே சரிவர இயங்குவது. பல வரிகளுக்கு அதனை விரிப்பது நிரலாளர் செய்ய வேண்டிய வேலை. அறிவித்தலின் மொழி தமிழாயின் வெட்டு நடுவில் விழும் என்னும் ஒரு தெரிவு, கடிகார உருவங்களின் வரிசைக்குப் பக்கத்தில் இடம்பெறலாம்.